புதுப் பொருள் வந்ததா? தில்லித் தமிழ் வீடுகளில் வேதி மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழி

ஜனவரி மாதம் தில்லியில் எந்தத் தமிழ் வீட்டுச் சமையலறைக்குள் போனாலும் இந்த இரண்டையும் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். முந்தின நாள் மாலை அரைத்து வைத்த இட்லி மாவு காலையிலும் பொங்காமல், வைத்த அளவிலேயே இருக்கும். இரண்டுக்கும் குளிர்தான் காரணம். ஆனாலும் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். எண்ணெயில் நடந்தது இயற்பியல் மாற்றம். மாவில் நடக்க வேண்டிய வேதி மாற்றம், குளிரில் தடைபட்டு நிற்கிறது.

இந்தப் பிரிவை முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைகளுக்காகவும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாவுக்காகவும் இதை எழுதுகிறேன். தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். சமையலறை, பூஜை அலமாரி, ஆணிகள் கிடக்கும் பழைய டப்பா, ஒரு நோட்டு இவை இருந்தால் போதும்.

பாடப்புத்தகம் வேதி மாற்றத்துக்குச் சில அடையாளங்களைச் சொல்கிறது: நிறம் மாறும், வாயு வெளிவரும், வாசனை மாறும், சூடோ குளிர்ச்சியோ வெளிச்சமோ உண்டாகும், தெளிந்த நீரில் புதிதாகப் படிவு விழும். பிள்ளைகள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, குமிழி கண்ட இடமெல்லாம் வேதி மாற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். அடையாளம் என்பது துப்பு மட்டுமே. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்பு இல்லாத புதுப் பொருள் ஏதாவது உண்டாகியிருக்கிறதா? உண்டாகியிருந்தால் அதற்கு ஒரு புதுக் குணம் இருக்கும். அந்தக் குணத்தைத் தேடிப் பிடித்துவிட்டால் விடை கையில் வந்துவிடும்.

முதலில் நோட்டு

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் கோடு போட்டு இடப்புறம் ‘முன்பு’, வலப்புறம் ‘பின்பு’ என்று எழுதுங்கள். நிறம், வாசனை, தொட்டால் எப்படி இருக்கிறது, சூடா குளிர்ச்சியா என்று நாலு வரி போதும். சாப்பிடும் பொருளைத் தவிர வேறு எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. தீ, சுண்ணாம்பு இரண்டையும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். அதிலிருந்து வரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். அது வீட்டில் செய்து பார்க்கிற சோதனையே இல்லை.

எது வேதி மாற்றம் இல்லை என்று பழகுங்கள்

இதில் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும். உறைந்த தேங்காய் எண்ணெயை வெயிலில் வையுங்கள். 24, 25 டிகிரி செல்சியஸ் வந்ததும் உருகிவிடும். வாசனையும் சுவையும் அதேதான். நிறமும் நிலையும் மாறின, பொருள் மாறவில்லை.

அடுத்தது சர்க்கரை. ஒரு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அகலமான தட்டில் ஊற்றி, மே மாத வெயிலில் மொட்டைமாடியில் வலை போட்டு மூடி வையுங்கள். தண்ணீர் போனபின் தட்டில் பிசுபிசுப்பாகத் தங்குவதும் சர்க்கரைதான். அதே சர்க்கரையை வாணலியில் போட்டு அடுப்பில் வைத்தால் கதை வேறு. உருகும், பழுப்பாகும், கருகிய வாசனை வரும், விட்டுவிட்டால் கரியாகிக் கசக்கும். தண்ணீரில் போட்டு எவ்வளவு கலக்கினாலும் கரி கரையாது. கரைவது சர்க்கரையின் குணம், கரையாதது கரியின் குணம். அப்படியானால் வாணலியில் புதுப் பொருள் உண்டாகியிருக்கிறது.

பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரம் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஏனென்றால் ஒரே பொருள் இரண்டு மாற்றத்தையும் காட்டிவிடுகிறது. டப்பாவைத் திறந்து வைத்தால் வில்லை நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகும். திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாகிறது. காற்றில் மிதப்பதும் கற்பூரமே என்று மூக்கு சொல்லிவிடும். குளிர்காலத் துணிப்பெட்டியில் ஸ்வெட்டர்களுக்கு நடுவே போடும் நாப்தலின் உருண்டைகளும் இப்படித்தான் தேய்கின்றன. கற்பூரத்தைக் கொளுத்தினாலோ வெளிச்சம், சூடு, கரும்புகை எல்லாம் வரும். எரிந்தபின் கற்பூரம் கிடையாது. தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் கரியில் கற்பூர வாசனையும் கிடையாது.

குமிழிகளை விசாரியுங்கள்

குமிழி நிறையப் பேரை ஏமாற்றும். அதனால் நாலு விதக் குமிழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கொதிக்கும் தண்ணீருக்கு மேல் ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடியுங்கள். தட்டில் துளித்துளியாகத் தண்ணீர் சேரும். குமிழிக்குள் இருந்தது நீராவி, அதுவும் தண்ணீர்தான். ஆகவே இயற்பியல் மாற்றம். சோடா பாட்டிலைத் திறந்ததும் சீறுகிற குமிழி, அழுத்தம் கொடுத்துக் கரைத்து வைத்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவது. இதையும் அந்தப் பக்கமே சேர்க்கலாம்.

இப்போது எலுமிச்சையும் ஆப்ப சோடாவும். தில்லி மளிகைக் கடையில் ‘மீட்டா சோடா’ என்று கேட்டால் தருவார்கள். சமையலறைத் தராசு இருந்தால் சோதனை இன்னும் அழகாக இருக்கும். இரண்டு மூன்று எலுமிச்சம்பழங்களின் சாற்றை ஒரு பெரிய தம்ளரில் பிழிந்துகொள்ளுங்கள். ஒரு சிறு கிண்ணத்தில் 5 கிராம் சோடா எடுங்கள். தம்ளர், கிண்ணம் இரண்டையும் ஒன்றாகத் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். பிறகு சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றில் கொட்டுங்கள். நுரைத்துப் பொங்கும். தம்ளரைத் தொட்டால் முன்பைவிடச் சில்லென்று இருக்கும். பொங்கல் அடங்கியதும், காலிக் கிண்ணத்தோடு மறுபடி எடை போடுங்கள். ஒன்றிரண்டு கிராம் குறைந்திருக்கும். குறைந்தது எங்கே போனது? காற்றில் கலந்த கார்பன் டை ஆக்சைடுதான் அது. இதே போல் உப்பைத் தண்ணீரில் கரைத்து எடை போட்டால் ஒரு கிராம்கூடக் குறையாது.

அந்த வாயு புதுப் பொருள்தானா என்று உறுதி செய்ய ஒரு வழி உண்டு. உயரமான பாத்திரத்தில் இதே கலவையைச் செய்து, பெரியவர் ஒருவர் எரியும் ஊதுவத்தியையோ சின்ன மெழுகுத்திரியையோ மெல்ல உள்ளே இறக்கட்டும். சுடர் நுரையைத் தொடும் முன்பே அணைந்துவிடும். சோடா சேர்க்காத, எலுமிச்சைச் சாறு மட்டும் உள்ள பாத்திரத்தில் திரி சாதாரணமாக எரியும். நெருப்பை அணைக்கும் குணம் கலந்தபின் வந்தது. நான் சொன்ன புதுக் குணம் இதுதான்.

நாலாவது குமிழி இட்லி மாவில் இருப்பது. உளுந்தோடு கூடவே வரும் நுண்ணுயிர்கள், முக்கியமாக லூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா, மாவில் உள்ள சர்க்கரைகளை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைத் தூக்குகிறது. ஒரே மாவை இரண்டு தம்ளர்களில் பாதிப் பாதி ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இன்னொன்றை, விளக்கு மட்டும் எரிகிற மின் அடுப்புப் பெட்டிக்குள்ளோ (ஓவன்), ரஜாய் என்ற தடித்த பஞ்சுப் போர்வையில் சுற்றியோ வையுங்கள். காலையில் இரண்டையும் பார்த்தால், வெப்பம் வேதி மாற்றத்தின் வேகத்தை எப்படி ஆட்டி வைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தில்லியில் குளிர்காலத்தில் இட்லி கல்லாகிறது என்று கவலைப்படும் புதுக்குடித்தனக்காரர்களுக்கும் இதுவே வைத்தியம். மே மாதம் வந்துவிட்டால் அதே மாவு சில மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழியும்.

குமிழி என்றதும் பிள்ளைகள் கேட்கும் இன்னொரு கேள்வி: “மாமி, காளிந்தி குஞ்சில் யமுனையில் மிதக்கிறதே வெள்ளை நுரை, அது வேதி மாற்றமா?” நல்ல கேள்வி. கழிவுநீரோடு வரும் சோப்பும் சலவைத்தூளும் ஆற்றில் கரைந்திருக்கின்றன. ஓக்லா தடுப்பணையில் தண்ணீர் மேலிருந்து விழும்போது காற்று உள்ளே சிக்கி நுரை எழும்புகிறது. நுரை எழும்புவது, நீங்கள் வாளியில் சோப்புத் தண்ணீரைக் கலக்குவது போன்ற இயற்பியல் நிகழ்வுதான். அதற்காக ஆறு நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடியில் கழிவு மக்கும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள் வருகின்றன. வேதி மாற்றம் அங்கே நடக்கிறது, அதுவும் நமக்குத் தீங்கான வகையில்.

நிறம்: ஆரத்தித் தட்டிலிருந்து ஒரு சோதனை

மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. சுண்ணாம்பு இல்லாத வீட்டில் பான் கடையில் ‘சூனா’ என்று கேட்டால் கிடைக்கும். கண்ணிலும் கையிலும் படாமல் பெரியவர் எடுத்துக் கொடுக்கட்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பின் காரத்தோடு வினைபுரிந்து சிவப்பாகிறது. வெள்ளைச் சட்டையில் சிந்திய சாம்பார்க் கறை, சோப்புப் போட்டதும் சிவப்பாவது இதனால்தான்.

சோதனை இனிமேல்தான் இருக்கிறது. அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். மறுபடி மஞ்சளாகிவிடும். “வேதி மாற்றம் திரும்பாது என்று புத்தகத்தில் இருக்கிறதே!” என்று பிள்ளைகள் திகைப்பார்கள். ‘பெரும்பாலும் எளிதில் திரும்பாது’ என்பதே சரி. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனதும் அதிலுள்ள ஈயமும் ஈய டை ஆக்சைடும் கந்தக அமிலத்தோடு சேர்ந்து ஈய சல்பேட்டாகின்றன. மின்சாரம் வந்ததும் ஈய சல்பேட் பழையபடி பிரிகிறது. ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் வேதி மாற்றம் ஒன்று போய்த் திரும்புகிறது. எதிர்ப்பக்கம் பாருங்கள்: உடைந்த பீங்கான் கோப்பையை யாரும் திருப்பிச் சேர்க்க முடியாது, ஆனாலும் அது இயற்பியல் மாற்றமே. ஆகவே ‘திரும்புமா’ என்ற கேள்வியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை அதனிடம் விட்டுவிட வேண்டாம்.

சுண்ணாம்பு கையில் இருக்கும்போதே இன்னொன்று. பட்டாணி அளவு சுண்ணாம்பை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் அகலமான கிண்ணத்தில் ஊற்றித் திறந்து வையுங்கள். ஒரு நாளுக்குள் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளை ஆடை படரும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் உண்டாகியிருக்கிறது. அந்த ஆடையைத் தனியே எடுத்து அதில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் நுரைக்கும். வெள்ளையடித்த சுவர் நாளாக நாளாக இறுகுவதும் இதே வினைதான்.

துரு: ஆணியிலிருந்து மெஹ்ரௌலி வரை

மூன்று ஆணிகளை எடுத்து உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடை ஆணியில் துத்தநாகப் பூச்சு இருந்தால் துருவே பிடிக்காது, பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஒன்றை வெறும் தம்ளரில் உலர்வாக வைத்து மூடுங்கள். ஒன்றைக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் முழுக்கப் போட்டு மேலே எண்ணெய் ஊற்றுங்கள். கொதிக்கும்போது கரைந்த காற்று போய்விடும், எண்ணெய் புதுக்காற்றைத் தடுக்கும். மூன்றாவதைச் சாதாரணத் தண்ணீரில் பாதி மூழ்கும்படி வையுங்கள். மூன்றாவதில்தான் நன்றாகத் துரு பிடிக்கும். இரும்புக்குத் தண்ணீரும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். துருவைச் சுரண்டி எடுத்துக் காந்தத்தைக் காட்டினால், இரும்பை இழுத்ததுபோல் அதை இழுக்காது. காந்தத்துக்கு அடங்காத செந்தூளாக இரும்பு மாறிவிட்டது. தில்லியில் இந்தச் சோதனையை ஜூலை, ஆகஸ்டில் செய்யுங்கள். மே மாதத்தில் வீசும் ‘லூ’ என்ற வறண்ட வெப்பக் காற்றில் திறந்தவெளியில் கிடக்கும் ஆணிகூட அவ்வளவு எளிதில் துருப்பிடிக்காது.

சோதனையைச் செய்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஹ்ரௌலியில் உள்ள குதுப் மினார் வளாகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மினாரை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், மசூதி முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் முன்னால் நில்லுங்கள். ஏறக்குறைய 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. குப்தர் காலத்தது. சந்திரன் என்ற மன்னரைப் புகழும் வடமொழிக் கல்வெட்டு வரிகள் அதிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அந்த மன்னர் இரண்டாம் சந்திரகுப்தர் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. சுமார் 1,600 வருடம் மழையிலும் வெயிலிலும் நின்றும் கரைந்துபோகவில்லை.

‘துருப்பிடிக்காத தூண்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கான்பூர் ஐஐடியின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள் இன்னும் சுவையான விடையைத் தந்தன. அக்காலக் கொல்லர்கள் கரியை எரித்து இரும்பைப் பிரித்தபோது உலையில் சுண்ணாம்புக்கல் சேர்க்கவில்லை. அதனால் தாதுவில் இருந்த பாஸ்பரஸ் வெளியேறாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. இன்றைய எஃகில் இருப்பதைவிட அதன் அளவு பல மடங்கு அதிகம். தூணின் மேற்பரப்பு முதலில் துருப்பிடிக்கத்தான் செய்தது. அந்த வினையின்போது பாஸ்பரஸ் சேர்ந்து இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற அடர்ந்த மெல்லிய படலம் உண்டானது. அந்தப் படலமே ஈரத்தையும் ஆக்சிஜனையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை நின்றது. ஆணியைத் தின்பதும் வேதி மாற்றம், தூணைக் காப்பதும் வேதி மாற்றம். இதை அந்தத் தூண் முன்னால் நின்று சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது என்று நம்புகிறேன்.

வீட்டிலேயே இதன் உறவுகள் உண்டு. வெள்ளிக் கொலுசு கறுப்பது காற்றிலுள்ள கந்தக வாயுக்களால் வெள்ளி சல்பைடு உண்டாவதால். பித்தளைக் குத்துவிளக்கு மங்கியபின் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சிடுவது, மேல்படலத்தைப் புளியின் அமிலம் வினைபுரிந்து கரைத்துவிடுவதால்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம்

இந்தப் பகுதியைப் பெரியவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தை எரியும் அடுப்பில் வைத்ததும், அதன் வெளிப்புறம் வேர்த்ததுபோல் ஈரமாகும். பாத்திரம் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். சமையல் வாயு எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. அந்த நீராவி குளிர்ந்த பாத்திரத்தில் படிகிறது. நெருப்பிலிருந்து தண்ணீர் பிறப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. சுடர் நீலமாக இருந்தால் வாயு நன்றாக எரிகிறது. மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் போதிய ஆக்சிஜன் கிடைக்கவில்லை, பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆக்சிஜன் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது. பட்டியலில் உள்ள ஓர் அடையாளத்தையும் அது நமக்குக் காட்டாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட ஏறக்குறைய 200 மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, உடலுக்கு ஆக்சிஜன் போகாமல் செய்துவிடும். தில்லிக் குளிரில் மூடிய அறைக்குள் அங்கீட்டி என்ற கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகள் குளிர்காலம்தோறும் வருகின்றன. ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இந்தப் பழக்கம் ஆபத்தானது என்று தெரிந்திருக்காது. அறைக்குள் கரி மூட்ட வேண்டாம். காற்றோட்டமில்லாத குளியலறையில் வாயு கீசர் வேண்டாம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளியே காற்றுக்கு வந்து மருத்துவ உதவி கேளுங்கள்.

இரண்டுங்கெட்டான் உதாரணங்களும் தேர்வும்

சில மாற்றங்கள் எந்தக் கட்டத்திலும் ஒழுங்காக உட்காராது. மெழுகுத்திரி எரியும்போது உருகுவதும் ஆவியாவதும் இயற்பியல், ஆவி சுடராவது வேதியியல். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அப்பளம் எண்ணெயில் உப்புவது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாவதால், பொன்னிறமாகிக் கமகமப்பது வேதி வினையால். எலுமிச்சை விட்டுப் பாலைத் திரித்துப் பன்னீர் செய்வதைப் பள்ளியில் வேதி மாற்றம் என்றே எழுதுங்கள். அமிலம், பால்புரதமான கேசினை ஒன்றோடொன்று ஒட்டித் திரள வைக்கிறது, திரிந்ததை மறுபடி பாலாக்க முடியாது. சோறு வேகும்போது அரிசியின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து, உப்பி, தன் உள்கட்டமைப்பை இழக்கிறது. பள்ளிப் பாடத்தில் சமைப்பது வேதி மாற்றம் என்று இருக்கும், அப்படியே எழுதலாம். உள்ளே நடப்பது அதைவிடச் சிக்கலானது என்பதைப் பெரிய வகுப்பில் படிப்பீர்கள்.

தேர்வில் ‘வேதி மாற்றம்’ என்று இரண்டு சொல்லில் நிறுத்தாதீர்கள். மாறிய பொருள் எது, புதிதாக வந்த பொருள் எது, அதை எந்தக் குணத்தால் அறிந்தீர்கள் என்று மூன்றையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். ‘இரும்பு, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து துருவானது, துரு செந்நிறமானது, எளிதில் உதிர்வது, காந்தம் அதை இரும்பைப் போல் இழுக்காது.’ இவ்வளவு போதும். நோட்டில் ‘பின்பு’ பக்கத்தை ஒழுங்காக எழுதி வந்திருந்தால், மூன்றாவது விடை அங்கேயே இருக்கும்.